நாலு இன்ஜெக்டர்... ஒரு அரியர்!

'மெக்கானிக்கல் படிக்கிற புள்ளை வீட்டுல இருக்கும்போது, எதுக்குங்க மெக்கானிக்குக்குக் காசு?'

மக்களே, பி.இ. படிக்கிற பசங்க காதுல விழவே கூடாத வசனம் ஒண்ணு உண்டுன்னா, அது இதுதான். எங்க வீட்டுல இதைச் சொன்னது அம்மா. பேப்பரை மெதுவாக் கீழே இறக்கிட்டு என்னைப் பார்த்தது அப்பா. 'அதானே!' என்று நெஞ்சை நிமிர்த்தியது... சாட்சாத் அடியேன்தான்!

மேட்டர் என்னன்னா, எங்க சான்ட்ரோ. 2007 மாடல். அது வீட்டுக்கு வந்தப்போ எனக்கு ரெண்டு வயசு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியிலிருந்து வர ஆரம்பிச்ச கார் இது. ஷாருக் கான் விளம்பரமெல்லாம் வந்து, நடுத்தரக் குடும்பங்களைக் கனவு காண வெச்ச அதே டப்பா மூக்குக் கார்தான். லோன் போட்டு வாங்கின அன்னிக்கு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, குரோம்பேட்டையிலிருந்து மாங்காடு கோயில் வரைக்கும் அப்பா ஓட்டிட்டுப் போனாராம். இன்னிக்கும் அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது அப்பா முகத்துல ஒரு பல்பு எரியும்.

அந்த அப்பாவுக்குப் போன வருஷம் முழங்கால் மாற்று ஆபரேஷன். ஆறு மாசம் காரைத் தொடவே இல்லை. எனக்கு லைசென்ஸ் இல்லை. அம்மாவுக்கு ஸ்கூட்டியே போதும். சான்ட்ரோ வாசல்ல கவரைப் போர்த்திக்கிட்டு, தெருப் பூனைகளுக்குப் பிரசவ வார்டா மாறிடுச்சு. 'இனிமே ஓட்டலாம் சார்' என்று டாக்டர் சொன்ன மறுநாளே, அப்பா சட்டையை இன் பண்ணிக்கிட்டு சாவியோட இறங்கினார். புது பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சா, நாலாவது தடவையில ஸ்டார்ட் ஆச்சு. ஆனா, ஐட்லிங்ல வண்டி ஜுரம் வந்த மாதிரி உதறுது. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இழுக்கலை. டேஷ்போர்டுல இன்ஜின் லைட் மஞ்சளா முறைக்குது. தெரு முனை வரைக்கும் போய், ஆஃப் ஆகி, நாலு பேர் தள்ளிக்கிட்டு வந்தோம். அப்பா ஸ்டியரிங்ல உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசலை. சாயங்காலமே ஒரு புரோக்கர் வந்து, '35 ஆயிரம்னா இப்பவே எடுத்துக்கிறேன்' என்றார். அப்பா, 'யோசிச்சுச் சொல்றேன்' என்றார். அவர் யோசிக்கிறேன்னு சொன்னா, முக்கால்வாசி முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம்.

அப்போதான் அம்மா அந்த வசனத்தைச் சொன்னாங்க. 'ஒரு வாரம் டைம் குடுப்பா, நான் ரெடி பண்றேன்' என்று நானும் சவால் விட்டுட்டேன்.

இந்த இடத்துல உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். இந்த மெக்கானிக்கல் சிங்கத்துக்கு மூணாவது செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர். முதல் தடவை போனது அப்பாவுக்குத் தெரியும். ரெண்டாவது தடவை எழுதி ரிசல்ட் வந்த அன்னிக்கு, அவர் ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்திருந்தார். 'அந்தப் பேப்பர் என்னடா ஆச்சு?' என்று கேட்டார். காலைச் சுத்திக் கட்டு, கையில ட்ரிப்ஸ். 'க்ளியர்ப்பா' என்றேன். அப்போதைக்குச் சொன்ன பொய். கார் மாதிரியே அதுவும் ஆறு மாசமா வாசல்ல கவர் போட்டு நின்னுச்சு.

'டிக்... டிக்... டிக்...'

எங்க தெருவுக்குப் பின்னாடி பாய் ஷெட். அவர் பேர் எனக்குத் தெரியாது, அந்த ஏரியாவுக்கே அவர் 'பாய்'தான். இடத்தையும் டூல்ஸையும் கடன் கேட்கப் போனேன். 'வெச்சுக்கோ. ஆனா எதுவா இருந்தாலும் கழட்றதுக்கு முன்னாடி என்னைக் கேளு' என்றார். வண்டியைத் தள்ளிட்டு வந்து நிறுத்தினதும், பானெட்டைத் தூக்கி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நான் மனசுக்குள்ள சென்சார், இ.சி.யு., 14.7-க்கு 1 காற்று எரிபொருள் விகிதம் என்று புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தேன். அவர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நுனியை இன்ஜின் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக்கிட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரியே!

'இந்தா, நீயும் கேளு.'

கேட்டேன். 'டிக் டிக் டிக்' என்று தையல் மெஷின் ஓடுற சத்தம். நாலு இன்ஜெக்டர்லயும் அதே சத்தம். 'நாலுக்கும் கரன்ட் வருது, நாலும் திறந்து மூடுது' என்றார் பாய். அப்புறம் ஓடுற வண்டியிலேயே ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா உருவினார். ஒண்ணை உருவினா வண்டி இன்னும் உதறுது. ரெண்டு, அப்படியே. மூணை உருவினா... ஒரு மாற்றமும் இல்லை. 'மூணாவது வேலைக்கே வரலை. மிஸ்ஸிங் அடிக்குது' என்றார். பிளக்கை இடம் மாத்திப் போட்டும் பார்த்தாச்சு, அதே மூணுதான். 'திறக்குது, ஆனா பெட்ரோல் போகலை. அடைப்பு' என்று தீர்ப்பு சொல்லிட்டார். பத்து நிமிஷம், ஒரு ஸ்க்ரூ டிரைவர். அவ்வளவுதான்!

இன்ஜெக்டர்னா என்னன்னு தெரியாத ஆர்ட்ஸ் காலேஜ் மக்களுக்காக ஒரு சின்ன இடைவேளை. இது விரல் நீளத்துல ஒரு குட்டி வால்வு. உள்ளே ஒரு காயில், ஒரு ஊசி. இ.சி.யு. கரன்ட் கொடுத்தா காயில் காந்தமாகி ஊசியைத் தூக்கும், பெட்ரோல் பூந்தூறலா பீய்ச்சும். கரன்ட் நின்னா ஸ்பிரிங் ஊசியை மூடிடும். ஐட்லிங்ல இது திறந்திருக்கிறது மில்லி செகண்ட் கணக்குலதான். ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா, அதுல ரெண்டு மூணு பங்கு! நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்துற இன்ஜின்ல, ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிஷத்துக்கு 400 தடவை இந்த வேலையைப் பார்க்கும். முன்னாடி எல்லாம் கார்புரேட்டர்தான். 1967-லேயே ஃபோக்ஸ்வாகன் கார்ல போஷ் கம்பெனியின் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. நம்ம ஊர்ல 2000-த்தை ஒட்டிப் புகை விதிகள் இறுகினப்போதான் கார்ல கார்புரேட்டர் மூட்டை கட்டிச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்ததுக்கப்புறம் பைக்குக்கும் அதே கதிதான். அதனால, 'எனக்கு எதுக்கு கார் கதை?' என்று பக்கத்தைத் திருப்பாதீங்க. உங்க பைக்ல எஃப்.ஐ. என்று எழுதியிருக்கே, அதுவும் இந்த ஐட்டம்தான்!

சரி, ஏன் அடைக்குது? பெட்ரோலை ரொம்ப நாள் அப்படியே விட்டா, லேசான பகுதி ஆவியாப் போயிடும். மிச்சம் பிசின் மாதிரி படியும். இப்போ பங்க்ல கிடைக்கிறது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் வேற. ஆறு மாசம் நின்ன வண்டிக்கு இதெல்லாம் போதாதா?

நாலு உள்ள, நாலு வெளிய

'கழட்டலாமா பாய்?' என்று ஸ்பேனரை எடுத்தேன். கையைப் பிடிச்சு நிறுத்தினார்.

'டயர்ல எவ்ளோ காத்து அடிப்ப?'

'30... 32.'

'இந்தப் பைப்புக்குள்ள பெட்ரோல் அதைவிட அழுத்தமா நிக்குது. இன்ஜினை ஆஃப் பண்ணாலும் சட்டுனு இறங்காது. அப்படியே கழட்டினா மூஞ்சில அடிக்கும். சூடான இன்ஜின் மேல விழுந்தா பத்திக்கும். தெரியுமா?'

சுமார் 3 பார் அழுத்தம், அதாவது நாற்பது பி.எஸ்.ஐ.க்கு மேல. எனக்கு நம்பர் தெரியும். ஆனா அந்த நம்பர் என் மூஞ்சியில அடிக்கும்னு தோணவே இல்லையே! பின் சீட்டைத் தூக்கி, பம்ப்புக்குப் போற கனெக்டரை உருவச் சொன்னார். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பைப்ல இருக்கிற பெட்ரோல் தீர்ந்து அதுவா ஆஃப் ஆகிற வரைக்கும் ஓட விட்டோம். இன்னும் ரெண்டு செல்ஃப். அழுத்தம் காலி. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, இன்ஜின் ஆறட்டும் என்று டீ குடிக்கப் போனோம். பக்கத்து டிங்கரிங் பட்டறைக்காரர்கிட்ட, 'கொஞ்ச நேரம் வெல்டிங் வைக்காதப்பா' என்று சொல்லிட்டுத்தான் வந்தார்.

டீ முடிஞ்சு வந்து, முதல் வேலை துடைக்கிறது. இன்ஜெக்டர் உட்கார்ற இடத்தைச் சுத்தி வருஷக் கணக்கா மண். கழட்டினதும் அது நேரா இன்ஜினுக்குள்ள விழும். கம்ப்ரஸர் காத்தும் பிரஷ்ஷும் வெச்சு அதைப் போக்கவே அரை மணி நேரம். கனெக்டர்களுக்கு 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி உருவினேன். ஃப்யூல் ரெயில் போல்ட்டை எடுத்துட்டு, ரெயிலை ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா ஆட்டி ஆட்டித் தூக்கினா, நாலு இன்ஜெக்டரும் பால் குடிக்கிற குட்டிங்க மாதிரி அதோடவே வந்துச்சு. பைப் வாயில வடிஞ்ச மிச்ச பெட்ரோலைத் துணியால ஒத்தி எடுத்தேன்.

திறந்து கிடந்த நாலு ஓட்டையிலயும் பாய் சுத்தமான துணியைச் சுருட்டி அடைச்சார். பனியன் வேஸ்ட் வேணாமாம், நூல் பிரியுமாம். 'எண்ணிக்கோ... நாலு உள்ள. மாட்டும்போது நாலு வெளிய வரணும்' என்றார். இதை எந்த சிலபஸ்லயும் நான் படிச்சதில்லை.

மல்டிமீட்டர் வெச்சு ஓம்ஸ் பார்த்தேன். நாலுமே கிட்டத்தட்ட 14. 'காயில் ஓகே பாய்!' என்றேன் பெருமையா. நான் உருப்படியாப் பண்ணின முதல் காரியம்! அடுத்து, ஏதோ வீடியோவுல பார்த்த மாதிரி, 9 வோல்ட் பேட்டரியும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் வெச்சு நானே சுத்தம் பண்றேன்னு கிளம்பினேன். பாய் சிரிச்சார். 'தீப்பொறி ஒரு கையில, ஸ்பிரே ஒரு கையில. நல்லாருக்குப்பா. மெஷின்ல குடுத்து எடுத்துட்டு வா, போ.'

என் அரியரைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தேன்

சனிக்கிழமை. டிஃபன் பாக்ஸ்ல இன்ஜெக்டர்களோட எலெக்ட்ரிக் ட்ரெயின், பஸ் என்று மாறி மவுன்ட் ரோடு பக்கம் ஜி.பி. ரோடு. சென்னையில கார், பைக் ஸ்பேர் பார்ட்ஸுக்குன்னே பேர் போன ரோடு. அந்தப் பக்கத்துல ஒரு கடையில டெஸ்ட்டிங் மெஷின் இருந்துச்சு. நாலு இன்ஜெக்டரையும் வரிசையா மாட்டி, கீழே அளவுக் கோடு போட்ட நாலு கண்ணாடிக் குழாய். சுவிட்சைத் தட்டினதும் ஒண்ணு, ரெண்டு, நாலுல கூம்பு கூம்பாத் தூறல். மூணாவதுல? மூடாத குழாய் மாதிரி ஒரு ஓரமாக் கோணலா ஒழுகுது. அரை நிமிஷத்துல மத்த குழாயெல்லாம் நிறைய, மூணாவதுல அதுல பாதிகூட இல்லை.

நான் அப்படியே நின்னுட்டேன். ஏன்னா, அது என்னோட அரியர் பேப்பர்! ஓட்டை வழியா எவ்வளவு திரவம் போகும்கிறது ஓட்டையின் பரப்பளவைப் பொறுத்தது. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதை மனப்பாடம் பண்ணி, ரெண்டு தடவை தப்பா எழுதியிருக்கேன். இங்கே கண்ணெதிரே ஓடுது. ஒரு ஓட்டை 0.2 மில்லிமீட்டர் என்று வெச்சுக்குங்க. சுத்திலும் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அழுக்கு படிஞ்சா விட்டம் 0.18. பார்த்தா பத்து சதவிகிதம்தான் குறைஞ்சிருக்கு. ஆனா 0.9-ஐ 0.9-ஆல பெருக்கினா 0.81. பெட்ரோல் 19 சதவிகிதம் அவுட்! கண்ணுக்கே தெரியாத ஒரு படிவு ஒரு சிலிண்டரையே எப்படிச் சாய்க்குதுன்னு அப்போதான் உறைச்சுது.

அல்ட்ராசோனிக் தொட்டியில இன்ஜெக்டர்களை நட்டு வெச்சாங்க. கேட்காத சத்தத்தால திரவத்துல குட்டிக் குட்டிக் குமிழ் உண்டாகி, உடையும்போது அழுக்கைப் பேர்க்குமாம். பழைய ஓ-ரிங்கையும் உள்ளே இருந்த கொசு வலை மாதிரி ஃபில்டரையும் எடுத்துட்டு, தலைகீழா ஃப்ளஷ் பண்ணி மறுபடி மெஷின்ல மாட்டினாங்க. நாலு குழாயும் ஒரே மட்டத்துல ஏறுச்சு பாருங்க... செம காட்சி! புது ஃபில்டர், புது ஓ-ரிங் கிட் எல்லாம் வாங்கிட்டு, டிஃபன் பாக்ஸை மடியில வெச்சுக்கிட்டு ட்ரெயின்ல வந்தேன்.

அந்த எட்டு ரிங்

ஞாயித்துக்கிழமை. கைத்தடியோட அப்பாவும் ஷெட்டுக்கு வந்து ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். பாய் வேற ஒரு வண்டிக்கு அடியில படுத்திருந்தார். 'ரிங்குல சொட்டு இன்ஜின் ஆயில் தடவி நேரா அழுத்து. காஞ்ச ரிங்கைத் திணிக்காத' என்று அடியிலிருந்தே குரல் மட்டும் வந்துச்சு.

ஒரு இன்ஜெக்டருக்கு ரெண்டு ஓ-ரிங். மேல் ரிங் பெட்ரோல் வெளியே வராமத் தடுக்கும். கீழ் ரிங் வெளிக்காத்து உள்ளே போகாமத் தடுக்கும். ஒண்ணும் ரெண்டும் வழுக்கிட்டு உள்ளே போச்சு. அப்பா பார்க்கிறாரேன்னு எனக்கு ஸ்டைல் வந்துடுச்சு. மூணாவதுக்கு ஆயில் தடவ மறந்து, கோணலா வெச்சு ஒரு அமுக்கு. விரல்ல 'நறுக்'குனு ஒரு உணர்வு. வெளியே எடுத்துப் பார்த்தா, மேல் ரிங்குல நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு.

கிட்ல இருந்ததே எட்டு ரிங்தான். ஞாயித்துக்கிழமை, ஜி.பி. ரோடுல கடை இருக்காது. அப்பா என்னையே பார்த்துக்கிட்டிருக்கார். 'சின்னதுதானே... நசுங்கி உட்கார்ந்துடும்' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டு, ஆயிலைத் தடவி அதையே மாட்டினேன். துணி நாலும் வெளியே எடுத்தாச்சு, ரெயிலை உட்கார வெச்சாச்சு, போல்ட் டைட், கனெக்டர் எல்லாம் நம்பர்படி.

பாய் எழுந்து வந்தார். 'ஸ்டார்ட் பண்ணாத. சாவியை ஆன் மட்டும் பண்ணு. பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நிக்கும். மூணு தடவை.'

முதல் தடவை, ஒண்ணுமில்லை. ரெண்டாவது தடவை, ஒண்ணுமில்லை. 'அப்பாடா' என்று நினைச்சேன். மூணாவது தடவை, பாய் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். மூணாவது இன்ஜெக்டர் கழுத்துல ஒரு சொட்டு. அப்புறம் இன்னொண்ணு. பெட்ரோல் வாசனை குப்புன்னு ஏறுச்சு.

'ஆஃப் பண்ணு! பேட்டரியைக் கழட்டு!'

யாரும் ஒரு நிமிஷம் பேசலை. பாய் மெஷின் கடையைத் திட்ட ஆரம்பிச்சார். 'ஓ-ரிங் மட்டமானதைக் குடுத்துட்டான் போல.' எனக்கு நல்ல வழி திறந்துடுச்சு. தலையை ஆட்டியிருந்தா போதும். ஆனா நான் என்ஜின் மேல படர்ந்த அந்த ஈரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். இதைக் கவனிக்காம விட்டிருந்தா, இன்னும் கால் மணி நேரத்துல அப்பா இந்த வண்டியில தனியா ரவுண்டு போயிருப்பார். முழுசா மடங்காத காலோட.

'கடைக்காரர் மேல தப்பில்லை பாய். மாட்டும்போது வெட்டுப்பட்டுச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்.'

அடி விழும்னு நினைச்சேன். பாய் ஒண்ணும் சொல்லாம உள்ளே போய், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து, சைஸ் பார்த்து ஒரு ரிங்கை எடுத்துட்டு வந்தார். பெட்ரோல் தாங்கற விட்டான் ரிங்.

'கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே தம்பி. எதுக்கு மறைச்ச? பிரஷர் ஏறினா எப்படியும் வெளிய வரத்தானே போவுது?'

வடிஞ்சதைத் துடைச்சு, ஆவி போகிற வரைக்கும் காத்திருந்து, மறுபடி முதல்ல இருந்து எல்லாம். இந்தத் தடவை ஆயில் தடவினேன். சாவி மூணு தடவை. டார்ச். காய்ஞ்சிருக்கு. செல்ஃப் அடிச்சேன். ஒரே தட்டுல ஸ்டார்ட்! பானெட் மேல வெச்ச டீ கிளாஸ் அப்படியே நிக்குது. அப்பா தடியை ஸ்டூல்ல சாய்ச்சுட்டு எழுந்தார். 'நகருடா' என்றார். அவ்வளவுதான். முகத்துல அதே மாங்காடு பல்பு!

பல்லாவரம் வரைக்கும் போனோம். அப்பா கியர் மாத்துறதையே பார்த்துக்கிட்டிருந்தேன். சிக்னல்ல வண்டி நிக்குது, ஐட்லிங் சத்தமே தெரியலை. 'அப்பா, அந்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் க்ளியர் ஆகலை. ஆஸ்பத்திரியில பொய் சொல்லிட்டேன்' என்றேன்.

பச்சை விழுந்துச்சு. பின்னாடி ஆட்டோ ஹாரன். அப்பா வண்டியை எடுத்தார். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. நான் டயலாக் எல்லாம் எதிர்பார்த்தேன், ஒண்ணும் வரலை. வாசல்ல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணினதுக்கப்புறம்தான் கேட்டார்.

'அடுத்த எக்ஸாம் எப்போ?'

'அடுத்த மாசம்.'

'ஃபீஸ் கட்டிட்டியா?'

'இல்லப்பா. உங்ககிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு...'

பர்ஸை எடுத்து, எண்ணி, டேஷ்போர்டு மேல வெச்சார். 'கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல' என்றார். நிஜமாவே அதையேதான் சொன்னார். பாய்கிட்ட கத்துக்கிட்டாரோ, எல்லா அப்பாங்களும் இப்படித்தானோ, தெரியலை. அதுக்கப்புறம் ஒரு வாரம் என்கிட்ட சரியாப் பேசலை என்பதையும் சொல்லிடறேன், சினிமா மாதிரி எல்லாம் முடிஞ்சுடலை.

புரோக்கருக்கு 'விக்கிறதா இல்லை' என்று போன் போயாச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வண்டியை எடுத்து அரை மணி நேரம் ஓட்டணும்னு பாய் உத்தரவு, அதனால அப்பாவுக்கு ஜாலி. வீட்டுல பைக்கோ காரோ சும்மா நிக்குதுன்னா நீங்களும் அதைச் செய்யுங்க. பெட்ரோல் லைனைக் கழட்டணும்னா மட்டும், உங்க ஏரியா பாய் பக்கத்துல இல்லாமத் தொடாதீங்க.

என் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டுல, ஓட்டை வழியா பாயுற ஃபார்முலாவுக்குப் பக்கத்துல, வெட்டுப்பட்ட அந்த ரிங்கை செல்லோ டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். எக்ஸாமுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ரிசல்ட் என்னவா இருந்தாலும், முதல்ல அப்பாவுக்குத்தான் போன்!